கரிசல் மூடிய குப்பைமேடு

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் படிக்கக் கற்று, நானே உட்கார்ந்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. கை வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

நம் சுகாதார ஆய்வாளர் செல்லையா சார் இறந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டீக்கடைச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி இருந்தது. எழுத்துக் கூட்டினேன். ‘செல்லையா’ என்று வந்ததும், படித்துவிட்டேனே என்று சிரித்தேன். பிறகுதான் அதற்கு மேலே இருந்த ‘கண்ணீர் அஞ்சலி’யைப் படித்தேன்.

என்னோடு சேர்ந்து அவரிடம் குப்பை வண்டி தள்ளிய உங்களுக்கு அந்தத் தனி வாளி நினைவிருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்களின் மருந்துக் குச்சிக் கழிவு மற்ற குப்பையோடு சேர்ந்து போய், ஊர்க் குப்பைமேட்டில் தீப்பிடித்துக்கொண்டே இருந்தது. “குச்சியத் தனியா வாங்குங்க அண்ணாச்சி. அது அங்கன போகாட்டா மேட்ட மூடிறலாம்” என்பார்.

அப்படியே எல்லாக் குப்பையையும் தரம் பிரித்து வாங்கத் தொடங்கி, ஒருநாள் மேட்டுக்குக் குப்பை போவது நின்றது. சரிவைச் சமப்படுத்தி, பக்கத்துக் காட்டுக் கரிசல் மண்ணைப் போட்டு மூடினோம். சார் மேட்டுக்கு அடுத்த தெருவில் வீடு வீடாகப் போய், இனிப் புகை வராது என்று வாக்குக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்புக்குக் காற்று கிடைத்து, திரும்பவும் புகை கிளம்பியது. இளைப்பால் தூங்க முடியாத அந்தத் தெரு மாடத்தி வாசலில் நின்று கேட்டாள்: “ஏன் சார், மூடியாச்சின்னிய. உங்க மேடு சுருட்டுல்லா குடிக்குது?”

சார் சிரிக்கவில்லை. “தப்பு எம்மேலதான் தாயி. கரிசக்காட்டுலயே பொறந்துட்டு, கிட்ட கெடைக்குதேன்னு அதையே போட்டுட்டேன்.”

மறுபடி தோண்டிக் கனலை அணைத்தோம். கரிசலுக்கு மேல் சரள் கலந்த செம்மண் பரப்பினோம். ஓய்வு பெற்ற பிறகும் சார் விடியற்காலையில் வந்து, மேட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெயில் ஏறிவிட்டால் எந்த மண்ணும் சுடும் அல்லவா? “சூடு இல்ல. ஒரு கோடை தாங்கட்டும், பெறவு சொல்லுதேன்” என்பார். அந்தக் கோடைக்கு முன்பே போய்விட்டார்.

கை வைத்துப் பார்க்கும் அவர் பழக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று விடியலில் வைத்தேன். மண் குளிர்ந்திருந்தது. வெடிப்பும் இல்லை.

“என்ன அண்ணாச்சி, மேடு சுருட்ட விட்டுட்டுதா?” என்றாள் மாடத்தி.

“சித்திரை முடியட்டும்மா” என்றேன்.

அடுத்த வாரமும் போவேன். கைக்கு என்ன தெரிகிறதோ, அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.