நாலு பருவத்திலும் விக்டோரியா பார்க்

ஒரே வருடத்தில் ஒரே பூங்காவுக்கு நாலு தடவை போனவன் எங்கள் மருதமுனையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது 1955. என் மனைவி ஸபீனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து சில வருடங்களாகியிருந்தன. கொழும்பில் கண் டொக்டரைக் காட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகும்வரை பக்கத்திலுள்ள விக்டோரியா பார்க்கில் இருப்போம்.

மட்டக்களப்புக்கு பஸ்ஸில் இருபத்திரண்டு மைல். அங்கே மாலை ரயில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. கோட்டையிலிருந்து பூங்கா இரண்டு மைல்தான். பஸ்ஸுக்குப் பத்துச் சதம்.

ஜனவரியில் எங்கள் பக்கம் மாரி வெள்ளம். கொழும்பிலோ இதமான வெயில். பூங்காவில் ஸபீனாவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. புரை முற்றட்டும் என்று டொக்டர் திருப்பி அனுப்பினார்.

ஏப்ரலில் போனால், அடேயப்பா, மரமெல்லாம் பூ! இலையே தெரியாமல் ரோஸ் நிறத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. வாய் ஓயாமல் ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சொல்லாதீங்க மச்சான். பார்க்கத்தான் வந்த நான், கேட்டுட்டுப் போக இல்ல.”

மிச்ச மரங்களைக் கடந்து அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன்.

ஜூலையில் ஊரில் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்க, கொழும்பில் அடைமழை. வலது கண்ணில் ஒப்பரேஷன் முடிந்து, கட்டுப் போட்டு அவளை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். நான் குடையோடு பூங்காவைத் தனியே இரண்டு தடவை சுற்றினேன். எந்த மரத்தைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாயில் அல்லாஹ்விடம் கேட்கும் துஆ மட்டும்தான் இருந்தது.

ஒக்டோபரில் தடித்த கண்ணாடி கிடைத்தது. காலை பத்து மணிக்கு அதைப் போட்டவளை நேரே அந்தப் பூமரங்களுக்கு அழைத்துப் போனேன். ஒரு பூகூட இல்லை, நனைந்த இலைகள்தான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஏப்ரலில் திரும்ப வருவோம் என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினேன். அவள் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க நரைச்சுப் போனத ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லியே மச்சான்.”

“ஓம் புள்ள,” என்றேன்.

பிறகு அவள் முன்னே நடந்தாள். குளம், வாத்து, எதிரே வெள்ளை நகர மண்டபம் என்று ஒன்றையும் விடவில்லை. பையோடு பின்னால் ஓடிக் களைத்துப்போனேன். இரவு ரயிலைக் கடைசி நிமிடத்தில்தான் பிடித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஜூலையில் குடை கட்டாயம் வேண்டும். பூப்பார்க்க ஏப்ரல்தான் சரி. எனக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால், பூவே இல்லாத அந்த ஒக்டோபர்.