மாரியம்மன் கோயிலுக்குக் கணினியில் மேளம்

மைக் செட்காரனுக்கு இரண்டே இரண்டு பயம்: ஒன்று மழை, இன்னொன்று கோயில் தலைவர். எங்கள் மலேசியக் கேமரன் மலையில் இரண்டுக்குமே பஞ்சமில்லை.

கம்போங் ராஜாவில் ஸ்பீக்கர், மைக், விளக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். மேலே தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எப்போதும் நான்தான். இந்த வருஷம் திருவிழா நெருங்கும்போது, தீபாராதனைக்கு அடிக்கும் மோட்டார் மேளம், கூடவே உள்ள மணியோடு சேர்ந்து, ஈரம் ஏறிப் புகைந்துபோனது. புது மெஷின் தருகிறோம், திருவிழா ஆர்டரையும் எங்களுக்கே கொடுங்கள் என்று ஈப்போ டவுன் பார்ட்டி ஒன்று வந்து நின்றது. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். அதனால் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "மேளத்தையும் மணியையும் நானே கம்ப்யூட்டர்ல செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். செய்யத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

இணையத்தில் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. வரி வரியாக நிரல் எழுதத் தேவையில்லை. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுத்தால் சத்தம் வரும். வயர் இழுப்பதுதானே நம் பிழைப்பு என்று இறங்கினேன். என்னைப் போலவே இறங்கி, வழுக்கி விழுந்து, இன்னும் எழுந்திருக்காத அன்பர்கள் மேலே படிக்கலாம்.

ஊமை ஞாயிறு

முதல் பாடம் மிகச் சுலபம். ஒலி தரும் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, நடுவில் ஒரு வயர். எல்லாம் சரியாக இருந்தது, சத்தம்தான் இல்லை. கேபிளை மாற்றினேன். ஆம்பிளிஃபயரைத் திறந்து பார்த்தேன். கடையின் பெரிய ஸ்பீக்கரையே இழுத்து வந்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் இதிலேயே போனது.

என் மனைவி செல்வி பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் காய்கறி அடுக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு லீவு. டீ கொண்டுவந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள். ஓரமாக ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டால்தான் ஒலியே உயிர் பெறும். யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வியை அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "சுவிட்சு போட்டீங்களா?"

வெயிலில் பெய்த மழை

'நாய்ஸ்' என்று ஒரு பெட்டி. வெறும் "ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான். ஆனால் காதுக்குக் கேட்கும் எல்லாச் சுருதியும் அதற்குள் ஒன்றாகக் கலந்திருக்கிறதாம். அதன் கீழே ஒரு வடிகட்டிப் பெட்டியை மாட்டி எண்ணை மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் நகர்த்தினால் மலைக்காற்று. இன்னொரு பக்கம் நகர்த்தினால் யாரோ விசில் அடிப்பது போல. நடுவில் ஓரிடத்தில், எங்கள் தகரக் கூரையில் விழும் மழை, அப்படியே. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நான் எதையும் சேர்க்கவில்லை, வேண்டாததைக் கழித்தேன், அவ்வளவுதான்.

அதற்குள் செல்வி அடுப்படியிலிருந்து பின்பக்கம் ஓடிக் கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டாள். வானத்தைப் பார்த்தாள், பெரிய ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வெயில் மண்டைய பொளக்குது. இந்தாங்க, எல்லாத்தையும் நீங்களே போய் காயப் போடுங்க."

இரண்டு வாய்

கூட்டல் பெட்டிக்கு மேலே இரண்டு வாய் உண்டு. வலது வாயில் எண்ணைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும், பதிலே வராது. இடது வாயில் கொடுத்தால்தான் இரண்டையும் கூட்டிச் சொல்லும். இது தெரியாமல் வலது வாயிலேயே எண்களைத் திணித்து நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதைக் கோயில் பூசாரி ஆறுமுகத்திடம் புலம்பினேன். அவர் பகலில் தேயிலை லோரி ஓட்டுகிறவர், மேளம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கக் கடைக்கு வந்திருந்தார். எங்கள் கோயில் தலைவர் முனியாண்டி தோட்டத்தில் கங்காணி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூசாரி சொன்னார்: "நம்ம கங்காணியும் அப்படித்தான் லா. ஒரு காதுல சொன்னா வச்சிக்குவாரு. மறு காதுல சொன்னாத்தான் வாயே தொறப்பாரு."

ஐந்து விசில்

மணிக்கு ஐந்து ஒலிப் பெட்டிகள். ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டாத சுருதிகள். மேல் சுருதிகள் சீக்கிரம் அடங்க வேண்டும், கீழ்ச் சுருதி நின்று இழுக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சின்னப் பிள்ளை ஊதும் விசில்தான். ஐந்தையும் ஒரே சொடுக்கில் கிளப்பினேன். என் கடைக்குள் வெண்கல மணி அடித்தது.

யார் அடித்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன். வெண்கலமும் இல்லை, அடிக்கிற கையும் இல்லை. ஐந்து விசில் சேர்ந்தால் கோயில் வந்துவிடுமா? பிள்ளையின் பிறந்தநாளுக்கு மைக் கேட்டு வந்த ஒரு அக்கா, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "சாமிய எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

நிற்காத மேளம்

மேளத்தையும் இதே மாதிரி செய்து மணியோடு சேர்த்துவிட்டேன். கோயிலில் ஒத்திகை. மேளம் பிசகாமல் அடித்தது, கங்காணி தலையாட்டினார். பூசாரி தட்டை எடுத்தார். காற்று வந்து கற்பூரத்தை அணைத்தது. அவர் குனிந்து மறுபடி ஏற்றுகிறார், மேளம் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. தீ இல்லாமலேயே தீபாராதனை முடிந்தது. "திருவிழாவுலயும் இப்படின்னா ஈப்போக்காரன கூப்பிட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுக் கங்காணி போய்விட்டார்.

மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். பூசாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பழைய மெஷினும் இதே கததான். சாமிக்குப் பூச பண்றேனா, மோட்டாருக்குப் பண்றேனான்னு எனக்கே வெளங்காது. இது என் கைய பாத்து அடிக்குமா?"

கேட்கிற பெட்டி

கையைப் பார்க்காது, ஆனால் கேட்கும். ஒலி விழுந்ததும் சொல்லுகிற பெட்டி ஒன்று இருந்தது. பூசாரியின் கைமணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக்கை வைத்தேன். கைமணி ஒரு தடவை ஒலித்தால் மேளம் ஒரு அடி. முதலில் அந்த மைக் மேளத்தையே மணி என்று எண்ணித் தன்னைத் தானே துரத்தியது. கைமணியின் மேல் சுருதியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைப் போட்டதும் அடங்கியது.

திருவிழா. கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்களெல்லாம் வந்து கோயில் நிறைந்திருந்தது. பூசாரி மணியை எடுத்தார். அவர் கை வேகம் பிடித்தால் மேளமும் வேகம் பிடித்தது, தளர்ந்தால் தளர்ந்தது. கற்பூரத் தட்டை அம்மன் முகத்துக்கு நேரே உயர்த்தினார். அங்கே மணி பிடித்த கை நின்றது. மேளமும் நின்றது.

அத்தனை வருஷமும் அந்த இடத்தை மோட்டார் இரைச்சல் மூடியிருந்தது. இப்போது கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது. ஒருவரும் இருமவில்லை, கைப்பிள்ளைகள்கூட அழவில்லை. அம்மனை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. கங்காணி மட்டும் என் பக்கம் சாய்ந்து, "கெட்டுப் போச்சா?" என்றார். பக்கத்தில் நின்ற செல்விதான், "இல்லீங்க கங்காணி, அது காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

மணி மறுபடி அசைந்தது, மேளம் எழுந்தது, கூடவே கூட்டமும் 'ஓம் சக்தி' என்று எழுந்தது. பூசை முடிந்ததும் கங்காணி என்னைத் தேடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில் சொன்னார்: "அடுத்த வருஷமும் அதே எடத்துல நிறுத்திடுப்பா. ஈப்போக்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சத்தத்தை வாடகைக்கு விட்டே சாப்பிடுகிற எனக்கு, அடுத்த வருஷத்துச் சோறு சத்தம் நின்ற நேரத்தில்தான் கிடைத்தது, சக பாவிகளே.