மயில் கழுத்து நிறத் தகடு

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் புதுச்சேரியில் ஒரு காலேஜில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தேன். தவளக்குப்பத்திலிருந்து பஸ். அங்கே லேபில் ஆராய்ச்சி செய்த மேடம், நகம் அளவு தகடு ஒன்று வைத்திருந்தார். சாய்த்தால் மயில் கழுத்து நிறம்.

"சாயமா மேடம்?"

"சாயம் இல்லக்கா. மேல கண்ணுக்குத் தெரியாத குச்சிங்க நெருக்கமா நிக்குது. வெளிச்சம் பட்டா இந்தக் கலர். தண்ணியில இருக்கிற கிருமி அதுல ஒட்டிக்கிச்சுன்னா கலர் துளியூண்டு மாறும். நமக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

அது மனதில் நின்றது. என் சின்னப் பெண்ணுக்கு அப்போது அடிக்கடி வயிற்றுப்போக்கு. எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். கைப்பம்பு என் வீட்டுக்காரர் இறக்கியது.

"என் தண்ணியவா சொல்ற? எளநீடி அது. நீ வாங்கித் தர்ற பஜ்ஜிய சொல்லு" என்பார்.

எங்கள் தண்ணீரையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். கொண்டு வரச் சொன்னார். பாட்டிலில் கொண்டு போனேன். தகட்டில் சொட்டு விட்டார், கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினார், வெளிச்சம் காட்டினார். திரையில் மேடு மாதிரி ஒரு கோடு.

"பூச்சி எங்க மேடம்?"

"பூச்சி தெரியாதுக்கா. இருந்தா இந்த மேடு தள்ளிப் போவும். போவல."

"எப்பிடிப் போவும்? ரெண்டு தரம் கொதிக்க வச்சி, வெள்ளைத் துணியில வடிகட்டுனது. காலேஜுக்கு அழுக்குத் தண்ணியா கொண்டாருவாங்க?"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "கிருமிய வேகவச்சிக் கொண்டாந்தா எப்பிடிக்கா ஒட்டும்? வீட்லயும் இப்பிடித்தான் குடிக்கிறீங்களா?"

"இல்ல. இது உங்களுக்குன்னு."

மறுநாள் பம்பில் அடித்த பச்சைத் தண்ணீர். மேடு தள்ளிப் போயிருந்தது. ஓர் அரிசி அகலம். மேடம் சிரிக்கவில்லை.

"பாப்பாவுக்கு இதக் குடுக்காதீங்கக்கா."

வீட்டில் சொன்னேன். அவர் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தள்ளுச்சு?"

"அரிசி அகலம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோ போதுமாம்."

அன்று அவரே அடுப்பில் பானையை ஏற்றினார். பிறகு தினமும் ஏற்றினார். பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. ஒருநாள் பானை கொதிப்பதைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏண்டி, வெளிச்சத்துக்கு எப்பிடித் தெரியுது?"

"தெரியல. மேடத்த கேட்டுட்டு வர்றேன்."

"கேளு. பம்பு யாரு எறக்குனதுன்னு மட்டும் சொல்லாத."

"சொல்லிட்டேன்" என்றேன்.