மைக் அக்காவின் குரல்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்காதான். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்தபடி கீழே நிற்கும் கூட்டத்தை ஒற்றை வினைச்சொல்லால் ஆட்டி வைப்பாள். ‘வரும்’ என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். அதை நம்பி யார் டீயைப் பாதியில் வைப்பார்கள்? ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் பைகள் தோளுக்கு ஏறும். ‘வந்துவிட்டது’ என்றால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டம்தான். அவளுக்குப் பிடிக்காதது ‘ரத்து செய்யப்பட்டுள்ளது’. ரத்து செய்தவர் யார் என்று அந்தச் சொல் மூச்சு விடாது. அதனால் திட்டெல்லாம் கண்ணாடி அறைக்கே வந்து சேரும்.

வீட்டில் கதையே வேறு. வரும், போகும் எல்லாம் அங்கே கிடையாது, வெறும் ஏவல்தான். எடுங்க, வைங்க, துடைங்க, நகருங்க. அவள் கணவர் நிலைய வாசலில் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருபவர். “எனக்கு மட்டும் ஏன் எல்லாமே கட்டளையா வருது?” என்பார்.

“சொன்னா கேக்குற ஒரே ஆளு நீங்கதானே” என்பாள் அவள்.

அப்புறம்தான் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. “எடுத்தே ஆகணும்மா. ஆனா குரல் நரம்பை ஒட்டி இருக்கு. பழையபடி பேச வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது” என்றார் டாக்டர். வீடு வந்து சேரும்வரை அவள் வாயிலிருந்து ஒரு கட்டளைகூட வரவில்லை.

நிலைய மேலாளர் நல்ல மனிதர், ஆனால் காரியத்தில் கண். “லீவுல போறதுக்கு முன்னாடி எல்லா அறிவிப்பையும் பதிஞ்சு குடுத்துடுங்கக்கா” என்றார். ஊர்ப் பெயர்களைத் தனியாக, வரும், வந்துகொண்டிருக்கிறது, வந்துவிட்டது என்பவற்றைத் தனியாகப் பதிந்தார்கள். இயந்திரம் வேண்டியபடி ஒட்டிக்கொள்ளுமாம். எல்லாம் சுலபமாக முடிந்தது. ‘வராது’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பதிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் குரல் கம்மியது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அவள் கையாலேயே வீட்டை ஆண்டாள். பேசிப் பார்க்கலாம் என்று சொன்ன பிறகு பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. மறுநாளும் காற்றுதான்.

கணவருடைய கடைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. அவளுடைய குரல் நாள் முழுக்கக் கணீரென்று கேட்டது. “அக்கா வேலைக்கு வந்துட்டாங்க போல” என்பார்கள் பை தைக்க வந்தவர்கள். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று கேட்கும்போதெல்லாம் அவர் சட்டென்று நிமிர்வார். இயந்திரம் என்பது பிறகுதான் உறைக்கும். அந்தக் குரலைக் கேட்கவும் பொறுக்கவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவேளை இனி இது மட்டும்தானோ என்று பயந்துபோயிருந்தார்.

ஒரு காலை கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஏதோ கேட்டது.

“சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. கழட்டுங்க.”

அவர் உடனே திரும்பவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவை சொல்லு.”

“கழட்டுங்கன்னு சொன்னேன்ல.”

பாதி காற்றும் பாதி கரகரப்புமாக இருந்தாலும் அது அவளேதான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. நின்ற இடத்திலேயே அழுதார்.

“போதும், மூக்கைத் துடைங்க” என்றாள்.

துடைத்தார். சட்டையைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அன்றும் ஒலிபெருக்கி நாள் முழுக்க வந்துகொண்டிருக்கிறது, வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.