சந்தனம் பூசிய கடைவாய்ப் பல்

பல் என்றால் எனக்கு அருவருப்பு கிடையாது. என் பிழைப்பே அதுதான். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனவர்களின் பற்கள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் அச்சுகளை வைத்துக்கொண்டு மேடு பள்ளங்களை அளந்து, யாருக்கு யார் உறவு என்று பார்ப்பது என் வேலை. எலும்பு மக்கினாலும் பல் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காலத்துப் பற்களும் வேண்டும் என்பதால், ஊருக்கு வரும்போதெல்லாம் திண்டுக்கல்லில் தெரிந்த ஒரு பல் மருத்துவரிடம் பிடுங்கிய பற்களை வாங்கிக்கொள்வேன். சொத்தையும் வெற்றிலைக் கறையும் ஏறிய அவற்றைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் போன தை மாதம் என் தாய்மாமா கொண்டுவந்த பல்லை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

மாமா எங்கள் சாதிச் சங்கத்தில் பெரிய ஆள். எரியோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கோயில் கிணற்றைத் தூர்வாரும்போது சேற்றில் அந்தப் பல் கிடைத்ததாம். வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குள் வைத்து எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் புளித்த பால் நாற்றம் வீசியது. பல்லின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

“நம்ம மூதாதை பல்லு பாப்பா. நம்ம ஆளுகதான் இந்த மண்ணுல மொதல்ல பொறந்தவுகன்னு நீ மேடையேறிச் சொல்லணும். மைக் செட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு.”

“பால் நாத்தம் அடிக்குதே மாமா?”

“வெள்ளிக்கிழம தவறாம அபிஷேகம் நடக்குதுல்ல. அந்தப் பாலைத் தீர்த்தமாக் குடுத்தோம். சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு மடக்குக் குடிச்சோம்.”

கிணற்றைச் சுற்றி வேலி போட்டு மணிமண்டபம் கட்டப் போகிறார்கள் என்றும் சொன்னார். அந்தக் கிணற்றுக்குக் கிழக்கே ஒரு தெரு இருக்கிறது, பன்றி வளர்க்கிற குடும்பங்கள். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் மாட்டிக்கொண்டு கிணற்றை மறந்த பிறகுதான் அந்தத் தெருவுக்கு அதில் வாளி விட முடிந்தது. அது இல்லையென்றால் அவர்களுக்குக் கதி ஆழ்துளைப் போர்க் குழாய்தான். அதில் ஃபுளோரைடு அதிகம்; அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்து முளைக்கிற பல் பழுப்பேறிப் புள்ளி விழுந்துதான் முளைக்கும். கிணற்றுத் தண்ணீரில் அந்தக் கேடு இல்லை. தாங்கள் குடிக்காத தண்ணீரை அவர்கள் குடிப்பதுகூட எங்கள் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

பல்லைக் குழாயடியில் காட்டிக் கழுவினேன். மாமாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா பாப்பா?”

பார்த்தேன். மழுங்கிய மேடுகள். சட்டென்று பார்த்தால் மனிதக் கடைவாய்ப் பல் என்றே தோன்றும். பன்றியும் மனிதனும் கிடைத்ததை எல்லாம் தின்கிற இனம், அதனால் பல்லும் ஒன்றுபோலவே அமைந்துவிட்டது. ஆனால் இதில் பெரிய மேடுகளுக்கு நடுவே குட்டிக் குட்டி முண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கல்லாகவும் ஆகவில்லை. அப்படியொன்றும் பழசும் இல்லை.

உண்மையான ஆதிப் பல் ஒன்றைக் கையில் கொடுத்தாலும் இவர்களுக்கு அது உதவாது. எந்தத் தெருக்காரன் வாயைத் திறந்து பார்த்தாலும், பின்னால் போகப் போக எல்லாம் ஒரே வம்சத்தில்தான் போய் முடியும். இவர்கள் தேடுவது முன்னோரை அல்ல, முன்வரிசை நாற்காலியை.

“இது பன்னிப் பல்லு மாமா.”

மாமாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தார். சத்தம் கூடம் வரை கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மண்டபம் ஒழிந்தது, கிணறு பிழைத்தது என்று நினைத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தவரின் முகம் தெளிந்திருந்தது.

“பன்னிதான்னு உறுதியாச் சொல்றியா?”

“உறுதியாத்தான் சொல்றேன்.”

“அப்ப அந்தத் தெருக்காரனுக நம்ம கோயில் கிணத்துல பன்னியக் கொன்னு போட்டிருக்கானுக.”

“காட்டுப்பன்னியா இருக்கலாம் மாமா. நாய் எங்கிருந்தாவது கவ்விக்கிட்டு வந்து போட்டிருக்கலாம். ஒரு பல்லை வச்சு அதெல்லாம் சொல்ல முடியாது.”

“நீ சும்மா இரு. பன்னின்னு நீதான சொன்ன? படிச்ச புள்ளையே சொல்லிருச்சுன்னு சொல்றேன்.”

அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். தீர்த்தம் குடித்த கதையை மட்டும் யாரும் வெளியே விடவில்லை. குடித்தவர்கள்தான் அதிகமாகக் குதித்தார்கள். தீட்டுக் கழிக்கப் பூசை நடந்தது. மண்டபத்துக்கென்று வாங்கிய கம்பிவேலியே கிணற்றைச் சுற்றி ஏறியது, பூட்டோடு. மைக் செட்டும் வீணாகவில்லை. என் படிப்பைச் சொல்லி, நான் கண்டுபிடித்ததாக மேடையில் அறிவித்தார்கள். என் வேலையின் மீதே எனக்கு அருவருப்பு வந்த நாள் அது.

சண்டை போடத்தான் கிணற்றடிக்குப் போனேன். அங்கே சண்டைக்கு ஆள் இல்லை. அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் காலிக் குடமுமாக வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பல்லைப் பாத்துச் சொன்னது நீங்கதானம்மா?”

“ஆமாக்கா.”

“மனுசப் பல்லுன்னு சொல்லியிருந்தா வேலி போட்டிருக்க மாட்டாகளா?”

“அப்பவும் போட்டிருப்பாங்க. மண்டபம் கட்டுறதுக்கு.”

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்பறம் எதுக்கும்மா எங்க பன்னிய இழுத்தீக?”

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பால் பற்கள், பளிச்சென்று வெள்ளை. அவை விழுந்த பிறகு முளைக்க வேண்டிய பற்கள் இப்போதே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு போர்க் குழாய்ப் பக்கம் நடந்தார்.