டிவி பார்த்துச் சேர்த்த கபடி

அன்று சித்தூர் மைதானத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: கல்லூரிக் கபடிப் போட்டி நடத்தும் கேபிள் டிவிக்காரர், கங்காதர நெல்லூர் கல்லூரிக் கோச், அந்த டீமுக்காகக் கேபிள்காரர் சொன்னபடி, கடனுக்குத் துணி எடுத்து ஜெர்சி தைத்துவந்த நான்.

கேபிள்காரர் பளபளப்பான சட்டைக்காரர். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். எந்தெந்த மாடிக்குக் கேபிள் போகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

"உங்க காலேஜ போட்டியில இருந்து தூக்கிட்டேன் கோச்சு. திருப்பதியில ஒரு காலேஜ சேத்துக்கினேன்."

"போன வருசம் கப்பே எங்க பசங்களுது சார். அங்க கபடி டீமே இல்லியே!"

"டீம அப்பறமா புடிச்சிக்கலாம். திருப்பதியில எத்தினி வீட்ல டிவி ஓடுது! விளம்பரம் கொட்டும்."

ஆட்டக்காரர்கள் என்ற தொல்லையே இல்லாமல் போட்டி நடத்தும் மூளை, எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு எங்கே வரும்? "ஜெர்சி சார்?" என்றேன்.

"அந்த டீம் வரட்டும்பா, பேர மாத்திக் குடு. துட்டு அப்ப வாங்கிக்கோ."

அந்த டீம் இன்னும் பிறக்கவில்லை. அவரோ தினமும் டிவியில், கபடியை வளர்க்கிறேன் என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எப்படித்தான் வருகிறதோ! எனக்கு வரவேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.