பனம்பழத்தில் தோய்த்த துண்டுகள்

குருநகரை விட்டு எழும்பியபோது என்னிடம் ஆறு சீலைத்துண்டுகள் இருந்தன. என் புருசனின் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, ஓரம் மடித்து, கையால் தைத்தவை. நீலக்கட்டச் சாரம். மாதத்தில் சுகமில்லாத நாட்களுக்கு அதைத்தான் பாவித்தேன். இப்போது கழுவிக் கழுவிப் பாவிக்கிற ரப்பர்க் கிண்ணம் வந்திருக்கிறது என்று மருமகள் சொல்லுகிறாள். அதைக் கேட்கவே எனக்குக் கூச்சம். எங்களுக்கு அந்த நாளில் துண்டுதான்.

துண்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு. பாவித்ததை முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறவிட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் சவுக்காரக் கட்டி. அதற்குப் பிறகு வெயில். வெயில் படாத துண்டு நாறும், தொடையில் புண் வரும். குருநகரில் இது ஒரு கஷ்டமாக இருக்கவில்லை. வளவுக்குப் பின்பக்கம் கொடியில் போட்டால் கடற்காற்றுக்குக் கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதுமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரையோரம் ஷெல் விழத் தொடங்கியது. நாங்கள் நாலு பேரும் புறப்பட்டோம். நான், அவர், இரண்டு பெண் பிள்ளைகள். சாவகச்சேரிக்கு உள்ளே தோட்டம் செய்கிற ஒரு கமக்கார வீட்டில் இடம் கிடைத்தது. அவர்கள் சைவக்காரர், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டு வைக்கிற கொட்டிலை ஒதுக்கித் தந்தார்கள். அதோடு ஒட்டினாற்போல் மாட்டுக்கொட்டில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகுத் தட்டி. முற்றத்தில் துலாக்கிணறு. குடித்தால் இனிக்கிற தண்ணீர். எங்களை அதில் அள்ளவிட்டதே பெரிய காரியம் என்று ஒழுங்கையில் கண்ட பெண்கள் சொன்னார்கள். எங்களுக்கு முதல் அந்தக் கொட்டிலில் இருந்த பெண் மாதத் துடக்கோடு கிணற்றில் அள்ளினாளாம். அன்றைக்கே குடும்பத்தோடு எழுப்பிவிட்டார்களாம். அதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் என்னை மறித்தாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவளின் புருசன் பக்கத்திலேயே மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உம்மட்டை ஒண்டு சொல்லவேணும். துடக்கு நாளிலை கிணத்தடிக்கு வரப்படாது. உந்தத் தண்ணியிலைதான் சாமிக்கு வைக்கிறது. அந்த நாளிலை எனக்குச் சொல்லும், நான் அள்ளி ஊத்திறன்.”

ஆம்பிளை ஒருவர் காது கேட்க நிற்கிறார். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

“எனக்கு அது இல்லையக்கா. சின்னவளுக்குப் பிறகு ஒப்பரேசன் செய்து எடுத்துப்போட்டினம்.”

“அட பாவமே. உந்த வயசிலையோ?”

“ஓம் அக்கா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. என் தாயாரிடம்கூட அந்தச் சங்கதியை நான் வாயால் சொன்னதில்லை. மாதாமாதம் ஒரு அந்நிய மனுசியிடம் போய் நின்று சொல்வது என்றால் என்னால் முடியாது. சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்கவும் முடியாது. இனிக் கொடியில் ஒரு துண்டு கண்ணில் பட்டாலும் நாங்கள் நாலு பேரும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அது சண்டையால் பாதை பூட்டி, சவுக்காரம் வருவது நின்றுபோன காலம். எல்லாரும் பனம்பழத்தில்தான் தோய்த்தார்கள். ஆவணி மாதம், வளவெல்லாம் பழம் விழுந்து கிடந்தது. தோலை உரித்துத் தண்ணீரில் பிசைந்தால் மஞ்சளாக நுரைக்கும். அழுக்குப் போகும். மணம் மட்டும் போகாது, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும்.

பாவித்த துண்டை மூடி போட்ட பால்மாத் தகர ரின்னுக்குள் ஊறவிட்டு, பொச்சுமட்டைக்குள் ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கொட்டிலின் பின்பக்கம் குந்தியிருந்து தோய்த்தேன். பிறகு உள்ளே கொண்டுவந்து கிடுகுத் தட்டியில் கொழுவினேன். வெயில் இல்லை, காற்று இல்லை. இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. ஈரத்தோடே கட்டினேன். தொடை இரண்டும் புண்ணாகிவிட்டது. நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, காலை அகட்டி வைக்காமல் நடக்கப் பழகினேன். அந்த நாட்களிலும் கிணற்றில் அள்ளினேன். அள்ளும்போது பயந்தாயா, மாதாவை நினைத்தாயா என்று கேட்டால், இல்லை. வாளி நிறைந்ததா என்றுதான் பார்த்தேன்.

முதல் மாதம் அப்படியே போனது. அடுத்த மாதம் மூன்றாம் நாள் காலை, பால் கறக்கிற நேரம், அக்கா கத்தினாள்.

“இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! மாடு என்னத்தையோ விழுங்குது!”

நான் வெளியே வந்து பார்த்தேன். மாட்டின் வாயிலிருந்து நீலக்கட்டம் தொங்கியது. அக்கா மாட்டின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் கைவிட்டு இழுத்தாள். சப்பி நுரை தள்ளின துண்டு வந்தது. தட்டியில் கிடுகு பிய்ந்து ஒரு பெரிய ஓட்டை. நான் கொழுவினது நாலு துண்டு. ஒன்றுதான் மிச்சம் தொங்கியது. ஒன்று அக்காவின் கையில். மற்ற இரண்டும் மாட்டின் வயிற்றில்.

அக்கா துண்டை விரித்துப் பார்த்தாள். என் தையலைப் பார்த்தாள். நடுவில் போகாமல் கிடந்த கறையைப் பார்த்தாள். அதற்குள் அவளின் புருசன் வந்துவிட்டார்.

“என்னப்பா அது?”

அக்கா துண்டைக் கைக்குள் சுருட்டினாள். “பிள்ளையளின்ரை பழந்துணி. நீங்கள் போய் உங்கடை வேலையைப் பாருங்கோ.”

அவர் போனார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“ஒப்பரேசன் எண்டீர்.”

நான் ஓட்டைக்குள்ளால் கையை விட்டு மிச்சத் துண்டை இழுத்து எடுத்தேன்.

“எத்தினை நாள் கிணத்திலை அள்ளினீர்?”

“எல்லா நாளும்.”

“மாடு செத்தால் ஆர் பதில் சொல்லுறது? பனம்பழத்திலை தோய்ச்ச சீலையை ஆரும் மாட்டின்ரை மூக்குக்கு நேரை கட்டித் தொங்கவிடுவினமோ? கலியாண வீட்டிலை விருந்து வைச்ச மாதிரி! உங்கடை ஊரிலை மாடு இல்லையோ?”

“இல்லை அக்கா. ஆடுதான்.”

“ஆடு திங்காதோ?”

“அங்கை எங்களுக்குச் சவுக்காரம் இருந்ததக்கா.”

அவளின் வாயில் ஒரு சிரிப்பு வந்து போன மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை. எந்தச் சாமானை முதலில் கட்டுவது, சின்னவளை யார் தூக்குவது என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வீட்டுக்குப் போய்த் தன் புருசனிடம் கிணற்றில் தவளை செத்துக் கிடக்கிறது, இறைக்க வேண்டும் என்றாள். அவருக்கு உதவிக்கு என் புருசனையும் கூப்பிட்டார்கள். கடலுக்குப் போக முடியாமல் கூலி வேலை தேடித் திரிந்த மனுசன் அவர். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் இல்லாத காலம். இரண்டு பேரும் மாறி மாறித் துலாவைப் பிடித்து மத்தியானம் வரை கையால் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் வாழைக்குப் போனது. அடியில் சேறு தெரிந்த பிறகு அக்கா வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். நான் கொட்டில் வாசலில் இருந்து பார்த்தேன்.

என் புருசன் நனைந்த சாரத்தோடு வந்தார். “அடிமட்டும் இறைச்சாச்சு. செத்த தவளையைக் காணேல்லையப்பா. எங்கை போயிருக்கும்?”

“தெரியாது” என்றேன்.

பின்னேரம் அக்கா கொட்டில் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“இண்டைக்கு உமக்காக நான் என்ரை மனுசனுக்குப் பொய் சொன்னன். இனிச் சொல்லமாட்டன். வாற மாதம் நீராகவே வந்து வாய் திறந்து சொல்லும். சொன்னா இரும். சொல்லாட்டிப் போம்.”

மூன்று நாள் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். துண்டு வந்ததாகத் தெரியவில்லை. மாடு வைக்கோல் தின்றது, பால் தந்தது. ஓட்டையை என் புருசன் புதுக்கிடுகு வைத்துக் கட்டினார். போன துண்டுகளுக்குப் பதிலாக என் பழைய உள்பாவாடை ஒன்றைக் கிழித்துத் தைத்தேன்.

அடுத்த மாதம் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் வெறும் வாளியோடு கிணற்றுக்குக் கிட்டப் போகாமல் நின்றேன். அக்கா குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆம்பிளைகளும் வேலி கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டு அழுதாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

“என்ன பிள்ளை?”

“அக்கா…”

“சொல்லும்.”

“எனக்கு இண்டைக்குத் துடக்கு. நான் அள்ளப்படாது.”

வேலியடியில் மட்டை தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது.

“எத்தினை நாளைக்கு?”

“அஞ்சு.”

“வாளியை உதிலை வைச்சிட்டுத் தள்ளி நில்லும்.”

அவள் உயரத்தில் பிடித்து ஊற்றினாள், வாளியோடு வாளி முட்டாமல். தண்ணீர் என் காலில் தெறித்தது.

“தோய்ச்சதைக் கொண்டுபோய் வேலியோரக் கொடியிலை போடும். அங்கை வெய்யில் விழும், மாடும் எட்டாது.”

வெட்கத்தில் செத்துப்போவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சின்னவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று இன்னும் மூன்று முறை வாளியோடு போய் நின்றேன். மூன்று முறையும் அக்கா வந்து ஊற்றினாள். பின்னேரம் துண்டுகள் காய்ந்துவிட்டன. எடுத்து மடித்தேன்.